கோவா 70.3-க்குத் தயாராகிறவர்களும் அவர்களோடு வருகிறவர்களும் கேட்டவை

கோவாவின் மீராமார் கடற்கரையில் 2019-இல் முதன்முதலாக அயர்ன்மேன் 70.3 டிரையத்லான் நடந்தது. 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம், மூன்றையும் மைலில் கூட்டினால் 70.3. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நேர எல்லை உண்டு, அதுதான் கட்-ஆஃப்; அதற்குள் முடிக்காவிட்டால் வெளியேற வேண்டும். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கே: அண்ணா, நான் பொள்ளாச்சி. கிணத்துல நீச்சல் பழகினவன். 25 மீட்டர் குளத்துல 2 கி.மீ. 62 நிமிஷம் ஆகுது. கட்-ஆஃப் 70 நிமிஷம்தானே, தாங்குமா?

தாங்கலாம், ஆனால் இடைவெளி நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. உங்கள் வேகத்தில் 1.9 கி.மீ.க்கு 59 நிமிடம். குளத்தில் 25 மீட்டருக்கு ஒரு தடவை சுவரை உதைத்துக் கிளம்புகிறீர்கள். கடலில் சுவர் கிடையாது. தலையைத் தூக்கி மிதவையைப் பார்க்க வேண்டும், கூட்டத்தில் இடிபட வேண்டும், நேர்கோட்டில் போகாமல் வளைந்து போவீர்கள். இதற்கெல்லாம் பத்து சதவீதம் சேருங்கள். 65 நிமிடம் ஆகிவிட்டது. அலை கொஞ்சம் கூடினால் மீதி ஐந்து நிமிடமும் போய்விடும். குளத்தில் 100 மீட்டருக்கு 3 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் நிம்மதியாக இறங்கலாம்.

கிணற்றில் பழகியவர்களுக்கு ஆழத்தைக் கண்டு பயம் இருக்காது. அது பெரிய சொத்து, குளத்தில் மட்டும் பழகியவர்களுக்குப் பல மாதம் பிடிக்கும் விஷயம். குறை என்னவென்றால் தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்து நீந்துவது. தலை தூக்கினால் இடுப்பு இறங்கும். இடுப்பு இறங்கினால் உடம்பு முழுக்கத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். கையை எவ்வளவு வலுவாகப் போட்டாலும் வேகம் வராது. இரண்டாவது குறை, மூச்சை அடக்கிக்கொண்டு போவது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்கிலும் வாயிலும் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். திரும்பும்போது உள்ளிழுக்க மட்டும்தான் நேரம் இருக்கும்.

வாரம் மூன்று நாள் போதும். ஒரு நாள், தொடைக்கு நடுவில் புல் பாய் (pull buoy, இடுப்பை மிதக்கவைக்கும் நுரைக்கட்டை) வைத்து 10 × 100 மீட்டர், ஒவ்வொன்றுக்கும் இடையில் 20 விநாடி ஓய்வு. இடுப்பு மேலே இருந்தால் எப்படி இருக்கும் என்று உடம்புக்கு அப்போதுதான் புரியும். இன்னொரு நாள் 16 × 100, ஒவ்வொன்றையும் 3 நிமிடத்துக்குள் முடித்து 15 விநாடி ஓய்வு. மூன்றாவது நாள் நிற்காமல் 2 கி.மீ., எட்டு கைக்கு ஒருமுறை முன்னால் பார்த்துக்கொண்டு. பார்ப்பது என்றால் கண்ணாடி மட்டும் தண்ணீருக்கு மேலே வர வேண்டும், வாய் வரக்கூடாது. பார்த்துவிட்டு அதே வீச்சில் பக்கவாட்டில் திரும்பி மூச்சு எடுங்கள். முன்னால் பார்த்தபடியே மூச்சு எடுக்கப் போனால் அலையைத்தான் குடிப்பீர்கள்.

மீராமார் மேற்குப் பார்த்த கரை. கரைக்குத் திரும்பி வரும்போது காலைச் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், மிதவை தெரியாது. நிறம் பூசிய கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். முந்தின நாளே கரையில் நின்று, கரையேறும் இடத்துக்குப் பின்னால் உயரமாக நிற்கும் ஒரு கட்டடத்தையோ மரத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: சார், குளத்துல ஒண்ணும் இல்ல. கடல்ல இறங்கி 100 மீட்டர் போனதும் நெஞ்சு அடைக்கிற மாதிரி ஆயிடுது. நடுவுல பிடிச்சுக்க எதுவுமே இல்லைங்கிற நினைப்புதான். (சென்னை)

பிடித்துக்கொள்ள இருக்கிறது! விதியைப் படிக்காததால் பலருக்குத் தெரிவதில்லை. பாதுகாப்புக் கயாக்கையோ (சிறு துடுப்புப் படகு) மிதவையையோ பிடித்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓய்வெடுக்கலாம்; அது உங்களை முன்னோக்கி இழுத்துப்போகக் கூடாது, அவ்வளவுதான். தகுதிநீக்கம் ஆகாது.

நெஞ்சு அடைத்தால் மல்லாந்து மிதந்து, நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பதில் கவனம் வேண்டாம், அது தானாக வரும். பத்து மூச்சுக்குப் பிறகு மெதுவாகத் தொடங்குங்கள். அடங்கவில்லை என்றால் கையை உயர்த்துங்கள், கயாக் வரும். இருமல் விடாமல் வந்து, மூச்சுத் திணறி, எச்சிலில் இளஞ்சிவப்பு நுரை கண்டால் அது பயம் இல்லை, நுரையீரலில் நீர் கோப்பது. அந்த நிமிடமே வெளியேற வேண்டும். நண்பர்கள் யாரும் ‘முயற்சி பண்ணு’ என்று சொல்லக் கூடாது.

இதற்கான காரணம் பெரும்பாலும் முதல் 200 மீட்டரை வேகமாகப் போவதுதான். வரிசை வரிசையாக இறக்கிவிடுவார்கள், உங்கள் உண்மையான நேரத்துக்கு உரிய வரிசையில் நில்லுங்கள். பயிற்சிக்கு ஒன்று: வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் சென்னைக் கடல் உங்களுக்கு ஆகாது. போட்டியும் அக்டோபர், நவம்பரை ஒட்டித்தான் வருகிறது. எனவே கடல் பயிற்சியைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். தனியாக வேண்டாம். இடுப்பில் கட்டும் மிதவையோடு, இறங்கும்போதும் ஏறும்போதும் தலை எண்ணிச் சரிபார்க்க ஓர் ஆள் கரையில் இருக்கும் குழுவோடு போங்கள்.

கே: வெட்சூட் வாங்கணுமா?

வேண்டாம். அது குளிர்ந்த நீரில் உடம்பைச் சூடாக வைக்கும் ரப்பர் உடை. தண்ணீர் 24.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் வயதுப் பிரிவில் (தொழில்முறை அல்லாதவர்களுக்கு) அதற்கு அனுமதியே இல்லை. கோவாக் கடல் அதைவிட வெதுவெதுப்பு. அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்குங்கள்.

கே: நீச்சல் கட்-ஆஃபைத் தாண்டிட்டா மீதிய ஓட்டிடலாம்னு எங்க குரூப்ல சொல்றாங்க. நிஜமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 70.3-இல் வழக்கமான எல்லைகள்: நீச்சல் 1:10, சைக்கிள் முடிய 5:30, மொத்தம் 8:30. எல்லாமே நீங்கள் தண்ணீரில் இறங்கிய நேரத்திலிருந்து. (அந்த ஆண்டின் போட்டி வழிகாட்டியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) 65 நிமிடத்தில் நீந்தி, உடை மாற்றுமிடத்தில் 8 நிமிடம் செலவழித்தால் சைக்கிளுக்கு 4 மணி 17 நிமிடம் மிச்சம். சராசரி 21 கி.மீ. வேகம் வேண்டும். ஈசிஆரில் காலையில் 28 போகிறவருக்கு இது விளையாட்டு மாதிரித் தெரியும். பஞ்சர் ஒன்று 12 நிமிடம், கழிப்பறை 4 நிமிடம், எதிர்க்காற்று ஒரு பக்கம் என்று சேர்த்தால் அப்படி இல்லை.

ஓட்டத்துக்கு 3 மணி நேரம் இருப்பதாகத் தோன்றும். ஷூ மாற்ற 5 நிமிடம் போனால் 2:55. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 18 விநாடி. வேகமாக நடக்கிறவருக்கே 9, 10 நிமிடம் ஆகும். ஆக, முழுக்க நடந்து முடிக்க முடியாது. 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே பிரித்துக்கொண்டால் தப்பிக்கலாம். களைத்த பிறகு பிரித்தால் அந்த ஒரு நிமிடம் ஐந்தாகிவிடும்.

கே: ஜெல் வாயில வைக்க முடியல, குமட்டுது. பானகம் குடிக்கலாமா?

தாராளமாக. வெல்லம் பெரும்பாலும் சுக்ரோஸ்; குடலில் அது குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடையும். இரண்டும் வெவ்வேறு வழியில் உறிஞ்சப்படுவதால் வெறும் குளுக்கோஸைவிட அதிகம் உள்ளே போகும். 750 மி.லி. பாட்டிலுக்கு 70 கிராம் வெல்லம், அரை எலுமிச்சை, கால் டீஸ்பூன் உப்பு, சுக்கு ஒரு சிட்டிகை. இதில் சுமார் 60 கிராம் மாவுச்சத்தும் 600 மி.கி. சோடியமும் இருக்கும், மணிக்கு ஒரு பாட்டில் என்பது நல்ல தொடக்கம். வியர்வை அதிகம் கொட்டுகிறவர்கள், சட்டையில் வெள்ளை உப்புக்கோடு படிகிறவர்கள் உப்பைக் கொஞ்சம் கூட்டலாம்.

மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். வெல்லத்தின் கசடு பாட்டில் வாயை அடைத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், சைக்கிளை முந்தின நாளே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அப்போதே பானகத்தையும் மாட்டிவிட்டு வராதீர்கள். இரவு முழுக்க வெக்கையில் நின்றால் நுரைத்துப் புளித்துவிடும். இரவே கலந்து ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் எடுத்துப்போய் மாட்டுங்கள்.

வயிறு பழக ஆறு வாரமாவது நீண்ட சைக்கிள் நாட்களில் இதையே குடியுங்கள். எவ்வளவு தண்ணீர் என்பதற்கு ஊகம் வேண்டாம். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடை இல்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள், குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். எடை ஏறியிருந்தால் அளவுக்கு மீறிக் குடிக்கிறீர்கள். வெறும் தண்ணீராகவே ஊற்றிக்கொண்டு போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கும்: தலைவலி, வாந்தி, விரலில் மோதிரம் இறுகுவது. வெயிலில் இதை நீர்ச்சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்துவிடுவார்கள்.

கே: நாங்க மூணு பேர் சேர்ந்தே சைக்கிள் ஓட்டலாமா? (திருச்சி)

பயிற்சியில் ஓட்டுங்கள். போட்டியில் முன்சக்கரத்துக்கு முன்சக்கரம் 12 மீட்டர் இடைவெளி. அந்த எல்லைக்குள் நுழைந்தால் 25 விநாடிக்குள் முந்தியாக வேண்டும். அரட்டை ஓட்டத்தில்தான். இன்னொன்று: ஹெல்மெட் பட்டையைப் பூட்டிய பிறகே சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்க வேண்டும், திரும்ப வந்து மாட்டிய பிறகே அவிழ்க்க வேண்டும்.

கே: வழியில நண்பன் பஞ்சர் ஆகி நின்னா உதவி செய்யலாமா? பார்த்தும் பார்க்காம போக மனசு வராது.

செய்யலாம். டியூப், பம்ப், பஞ்சர் சாமான், குடிக்கத் தண்ணீர், ஜெல் எல்லாம் போட்டியாளருக்குப் போட்டியாளர் கொடுத்துக்கொள்ளலாம். உங்கள் சக்கரத்தையோ ஷூவையோ கழற்றிக் கொடுத்து நீங்கள் தொடர முடியாமல் போவதுதான் கூடாது. ஆனால் உங்கள் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். உங்களிடம் இருப்பது ஒரே டியூப் என்றால் அதைக் கொடுத்த பிறகு 40 கி.மீ. வேண்டுதலோடுதான் ஓட்ட வேண்டும், இரண்டாக எடுத்துப்போங்கள்.

தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு போவது வேறு. 2016-இல் மெக்சிகோவின் கோசுமெலில், வெயிலில் தள்ளாடிய பிரிட்டன் டிரையத்லான் வீரர் ஜானி பிரவுன்லீயை அவர் அண்ணன் அலிஸ்டர் தோள் கொடுத்து இழுத்துவந்து கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டார். ஜானிக்கு இரண்டாமிடம் நிலைத்தது. அதன் பிறகு விதி இறுகிவிட்டது: சக போட்டியாளர் முன்னேற உடல்ரீதியாக உதவினால் தகுதிநீக்கம். யாராவது தள்ளாடினால், பேச்சு குழறினால், மருத்துவக் குழுவைக் கூப்பிட்டுவிட்டு அவரை உட்கார வையுங்கள். பதக்கம் போனாலும் அதுதான் உதவி.

கே: என் வீட்டுக்காரர் ஓடறார். நானும் பசங்களும் கூட வர்றோம். நாங்க என்ன செஞ்சா அவருக்கு உதவியா இருக்கும்? (மதுரை)

முதலில் செய்யக் கூடாதவை, ஏனென்றால் தண்டனை அவருக்குத்தான் விழும். தண்ணீர், பழம், தொப்பி எதையும் நீங்கள் கையில் கொடுக்கக் கூடாது; போட்டி நடத்துவோரின் உதவி மையத்திலோ சக போட்டியாளரிடமோ மட்டும்தான் அவர் வாங்கலாம். கூடவே ஓடக் கூடாது. கடைசிக் கோட்டைக் குழந்தைகளோடு சேர்ந்து தாண்டவும் கூடாது. படத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

மொபைல் டிராக்கரில் ஓடும் புள்ளி ஜிபிஎஸ் இல்லை. கடைசியாக மிதித்த டைமிங் மேட் (பாதையில் நேரம் பதியும் பாய்) வரையிலான வேகத்தை வைத்து அது ஊகித்துக் காட்டுகிறது. பஞ்சர் ஆகி நின்றாலும் புள்ளி ஓடும். நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தாலும் அந்தப் பாயில் பதிவாகாவிட்டால் நின்றுபோகும். ஊரில் இருக்கும் மாமியாருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் காலையிலிருந்து உங்களுக்குத்தான் போன் வரும்.

ஓட்டம் சுற்றுகளாக இருப்பதால் ஒரே இடத்தில் நின்று அவரைப் பல தடவை பார்க்கலாம். உதவி மையத்துக்கு 200 மீட்டர் முன்னால் நில்லுங்கள். மையத்திலேயே எல்லாரும் கத்துவார்கள். அதற்கு முந்தின வெறிச்சோடிய இடத்தில்தான் ஓட்டம் நடையாக மாறும். ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று சொல்லாதீர்கள். 13 கி.மீ. மிச்சம் இருப்பது அவருக்குத் தெரியும், எரிச்சல்தான் வரும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவரால் அப்போது போட முடியாத கணக்கைச் சொல்லுங்கள்: ‘கட்-ஆஃபுக்கு 14 நிமிஷம் முன்னால இருக்கீங்க, இதே வேகம் போதும்.’ அல்லது செய்யக்கூடிய ஒரு வேலை: ‘தோளை இறக்குங்க’, ‘தொப்பிக்குள்ள ஐஸ் போட்டுக்கோங்க’. நீங்கள் நேரில் பார்த்து வந்ததை மட்டும் சொல்லுங்கள். ஐஸ் இருக்கிறது என்று சொல்லி அங்கே இல்லாவிட்டால் மனசு ரொம்பவே விட்டுப்போகும்.

கே: சைக்கிளைப் பெட்டியில அனுப்பறப்ப எது உடையும்?

பின் டிரெய்லியரைச் (derailleur, செயினைக் கியர் மாற்றும் பாகம்) சட்டத்தோடு பிடிக்கும் ஹேங்கர். டிரெய்லியரை அவிழ்த்து, பபிள் ராப்பில் சுற்றி, சட்டத்துக்கு உள்பக்கம் கட்டுங்கள். உதிரி ஹேங்கர் ஒன்று கையில் இருக்கட்டும். ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வேறு, கோவாவில் தேட முடியாது. சீட் போஸ்ட் உயரத்தைக் கழற்றும் முன் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். இடது பெடலின் மரை தலைகீழ். CO₂ சிலிண்டரை விமானத்தில் பெரும்பாலும் பிடுங்கிவிடுவார்கள். கை பம்ப் எடுத்துப்போங்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு வரும்போது காற்றைக் கொஞ்சம் இறக்கி, காலையில் ஏற்றுங்கள்.

கே: போன வருஷம் எங்க குரூப்ல ஒருத்தர் நீச்சல் கட்-ஆஃப்ல 4 நிமிஷம் லேட்டாகி வெளிய போயிட்டார். இப்ப குளத்துப் பக்கமே வர்றதில்ல. என்ன சொல்லிக் கூட்டிட்டு வர்றது?

‘பரவாயில்ல விடு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்பதை ஏற்கெனவே ஐம்பது பேர் சொல்லியிருப்பார்கள். குரூப்பில் எல்லாரும் போடும் ஸ்ட்ராவா (பயிற்சியைப் பதியும் செயலி) படங்களுக்கு நடுவே அது இன்னும் குத்தும். தனியாக அவருக்கு ஒரு கணக்கை அனுப்புங்கள்: 4 நிமிடம் என்றால் 240 விநாடி. 1.9 கி.மீ.க்கு அதை வகுத்தால் 100 மீட்டருக்கு 12.6 விநாடி. நான்கைந்து மாதத்தில் எடுக்கக்கூடிய நேரம்தான், அதில் பாதி நேராக நீந்தினாலே கிடைத்துவிடும். அவர் வாட்சில் அன்றைய தூரம் எவ்வளவு காட்டியது என்று கேளுங்கள். 2.1 என்று இருந்தால் அவருக்கு வேகக் குறையே கிடையாது, பார்த்து நீந்தாததுதான் கோளாறு.

பிறகு நாள், நேரம், இடம் மூன்றையும் நீங்களே குறித்துக் கூப்பிடுங்கள். ‘எப்ப வர்ற?’ என்று கேட்டால் வரமாட்டார். ‘ஞாயிறு ஆறு மணி, 12 × 100, நான் உன் பக்கத்து லேன்ல’ என்று சொன்னால் வருவார். முதல் மூன்று வாரம் ஸ்டாப்வாட்ச் வேண்டாம், நான்காவது வாரம் 400 மீட்டருக்கு மட்டும் நேரம் எடுங்கள்.