அஞ்சறைப்பெட்டி இருந்த இடம்

கேள்வி: பொங்கலுக்கு என் நாத்தனார் வந்து நான்கு நாள் தங்கினார். வந்ததிலிருந்து குறைதான். ரசத்தில் புளி தூக்கல், பையன் இளைத்துவிட்டான், அஞ்சறைப்பெட்டியை ஏன் மேல் அலமாரியில் வைத்திருக்கிறாய்... அவர் மகனுக்கும் என் மகனுக்கும் ஒரே வயது, ஏழு. மாமியார் இறந்த இந்த இரண்டு வருஷமாகத்தான் இப்படி. அவர் குணமே அதுதான் போல. மனிதர்கள் ஏன் ஒருவரை ஒருவர் இப்படிக் குத்திக் காட்டுகிறார்கள்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புச் சகோதரி, மாமியார் இறந்த பிறகுதான் இப்படி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பாதிப் பதில் அந்த வரியில் இருக்கிறது.

அது அவர் பிறந்து வளர்ந்த வீடு. அந்தப் பெட்டி அவருடைய அம்மாவின் கை எட்டுகிற இடத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் பல வருஷம் இருந்திருக்கும். எண்ணெய் காய்ந்ததும் பார்க்காமலே கை கடுகுக்குப் போகும். இப்போது மகள் வந்து கை நீட்டுகிறார், பெட்டி இல்லை. "எங்கம்மா இல்லையே" என்று சொல்ல வாய் வரவில்லை. "ஏன் மேலே வைத்தாய்" என்று வருகிறது. நம் வீடுகளில் பதினாறு நாள் அழவிடுகிறோம். அப்புறம் யாரும் கேட்பதில்லை. அந்தத் துக்கம் எங்கே போகும்?

பையன் இளைத்தது வேறு சங்கதி. தராசு இல்லாத விஷயங்களில் நாம் பிறரைப் பார்த்துத்தான் நம்மை எடை போட்டுக்கொள்கிறோம், அதுவும் நம்மைப் போன்றவர்களைப் பார்த்து என்று 1954-ல் எழுதினார் அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர். பிள்ளையை நன்றாக வளர்க்கிறோமா என்று நிறுத்துப் பார்க்கத் தராசு ஏது? கலெக்டர் வீட்டுப் பிள்ளை இளைத்தால் உங்கள் நாத்தனாருக்கு என்ன? அதே வயதுப் பிள்ளை உங்கள் மடியில்தானே இருக்கிறது.

ரசத்தில் ஒருவேளை புளி தூக்கலாகவே இருந்திருக்கும். விடுங்கள்.

எனக்கு உறுத்துவது, "அவர் குணமே அதுதான்" என்ற வார்த்தை. உளவியலாளர்கள் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் இருவரும் 1967-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கியூபாவின் அன்றைய தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, சொன்னபடி எழுதினார் என்று தெரிவித்த பிறகும், ஆதரித்து எழுதியவருக்கு மனசுக்குள் காஸ்ட்ரோ மேல் பிரியம் அதிகம் என்றே மாணவர்கள் கணித்தார்கள். அடுத்தவரின் சூழ்நிலை நம் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை, குணம்தான் படுகிறது. நாத்தனார் உங்கள் ரசத்தைச் சொன்னார். நீங்கள் ஆளையே சொல்லிவிட்டீர்கள்.

அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துப்போகச் சொல்லவில்லை. பிள்ளையின் காதுபட இளைத்துவிட்டான் என்று சொல்வது நிற்க வேண்டும். அதை உங்கள் கணவர் தன் அக்காவிடம் தனியாகச் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் சண்டையாகிவிடும்.

அஞ்சறைப்பெட்டியையும் இடம் மாற்ற வேண்டாம், அது உங்கள் அடுப்படி. அடுத்த முறை அவர் வரும்போது அதை இறக்கி அவர் கையில் கொடுங்கள். "அண்ணி, அத்தை ரசத்துக்கு எவ்வளவு புளி கரைப்பாங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரியுங்கள். அவர் பேசட்டும்.