ஸ்பானிய மொழியில் காதலின் ஏக்கத்தைச் சொன்ன படைப்புகளில் உங்களை மிகவும் பாதித்தது எது, ஏன்?

ஸ்பெயின் கவிஞரும் நாடகாசிரியருமான லோர்காவின் ‘தோன்யா ரோசிதா’ நாடகம். யோசிக்காமல் சொல்வேன்.

ஸ்பானிய மொழிக் காதல் என்றதும் நம்மில் பலருக்கு சிலி நாட்டுக் கவிஞர் நெரூதாதான் நினைவுக்கு வருவார். இருபது வயது நிறையும் முன்பே, 1924-இல், அவர் வெளியிட்ட இருபது காதல் கவிதைகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே பேசுவது ஆண் மட்டும்தான். ஒரு கவிதையில், நீ பேசாமல் இருக்கும்போது எனக்குப் பிடித்திருக்கிறது, இங்கே இல்லாதவள் போல் இருக்கிறாய் என்கிறான். அப்படிப் பேசாமல் இருந்தவள் மனதில் என்ன ஓடியது? எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. லோர்கா அவளைப் பேசவைக்கிறார்.

கதை சின்னது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி, ஸ்பெயினின் கிரனாடா நகரம். மாமா, அத்தை வீட்டில் வளரும் ரோசிதாவுக்கும் உறவுக்காரப் பையன் ஒருவனுக்கும் நிச்சயமாகிறது. அவன் தன் பெற்றோரிடம், அர்ஜென்டினாவின் துக்குமானுக்குப் போகிறான். லட்சக்கணக்கான ஸ்பானியர்கள் அந்த நாட்டுக்குக் கப்பலேறிய காலம் அது. திரும்பி வருவேன் என்று சத்தியம் செய்கிறான். கடிதங்கள் வருகின்றன, அவன் வரவில்லை. பல வருடங்கள் கழித்து, தனக்குப் பதிலாக வேறொருவரை மணவறையில் நிறுத்திக் கல்யாணத்தை முடிக்கலாம் என்று எழுதுகிறான். வீட்டு வேலைக்காரி உடனே, “அப்போ ராத்திரிக்கு?” என்று கேட்கிறாள். அந்த வீட்டிலேயே தெளிவான ஆள் அவள்தான்.

மூன்றாம் அங்கத்தில் உண்மை வெளியே வருகிறது. அவன் அங்கே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு பல வருடமாகிவிட்டது. நம்மை உலுக்குவது அதுவல்ல. ரோசிதாவுக்கு அது ஏற்கெனவே தெரியும்! யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தே அவன் கடிதங்களை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குத் தெரியாமல், எனக்கு மட்டும் தெரிந்திருந்தால், அந்தப் பொய்யை வைத்தே முதல் வருடம் போல நம்பிக்கையோடு இருந்திருப்பேன் என்கிறாள். எல்லோருக்கும் தெரிந்து, விரல் நீட்டிக் காட்ட ஆரம்பித்த பிறகுதான் அவளால் முடியவில்லை. காதலன் ஏமாற்றியதைவிட, ஏமாந்தவள் என்று ஊர் பார்க்கும் பார்வை அதிகம் வலிக்கும் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன எழுத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அந்த வேலைக்காரிதான் இன்னொரு இடத்திலும் மனதைப் பிடுங்குகிறாள். அவள் தன் மகளைப் பறிகொடுத்தவள். அதைவிட ரோசிதாவின் நிலை மோசம் என்கிறாள்: அன்பு இருக்கிறது, உடல் கிடைக்கவில்லை, அழுகை இருக்கிறது, யாருக்காக அழுகிறோம் என்று தெரியவில்லை.

நாடகம் முழுக்க அழுகை என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் அங்கத்தில் கல்யாணமாகாத மூன்று பெண்களோடு ஒரு தாய் விருந்துக்கு வருகிறாள். சாப்பாட்டுக்கு முட்டை வேண்டுமா, ஊர் உலாவும் இடத்தில் உட்கார நாற்காலி வேண்டுமா என்று மகள்களைக் கேட்பாளாம். மூவரும் நாற்காலி என்பார்களாம். சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் பட்டினி கிடந்தாவது நாலு பேர் முன் கௌரவமாக உட்கார வேண்டும் என்ற அதே ஊர்தான் பின்னால் ரோசிதாவையும் விரல் நீட்டுகிறது.

இந்த நாடகம் 1935 டிசம்பரில் பார்சிலோனாவில் முதலில் மேடையேறியது. ரோசிதாவாக நடித்தவர் மார்கரீத்தா ஷிர்கு. அந்த நகரத்தின் ராம்ப்லாஸ் வீதிப் பூக்காரிகளுக்காகவே தனியாக ஒரு காட்சி நடத்தினார்கள். அடுத்த ஆகஸ்டில் லோர்காவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள், அதுவும் கிரனாடா பக்கத்திலேயே. வயது 38.

லோர்கா என்றால் பலரும் ‘இரத்தத் திருமணம்’ படிக்கச் சொல்வார்கள். நல்ல நாடகம், சந்தேகமில்லை. மணப்பெண் பழைய காதலனோடு குதிரையேறி ஓடுகிறாள், அன்றிரவே எல்லாம் முடிந்துவிடுகிறது. ரோசிதாவுக்கு அப்படி ஒரு இரவுகூட வாய்க்கவில்லை. அவளுடைய இருபத்தைந்து வருடங்களில் நடந்தது என்று சொல்ல எதுவுமே இல்லை, அதனால்தான் நான் இதை முதலில் படிக்கச் சொல்கிறேன்.