காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க அணுமின்சாரம் வேண்டுமா, வேண்டாமா?

இரண்டு தரப்பு வாதங்களையும் படித்துக் குழம்பித்தான் இங்கே கேட்டிருப்பீர்கள். குழப்பத்துக்குக் காரணம், இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருப்பது: ஓடுகிற உலையை மூடலாமா? புதிதாகக் கட்டலாமா?

முதலாவதற்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். 1000 மெகாவாட் உலை ஆண்டில் 90 சதவீதம் ஓடினால் சுமார் 790 கோடி யூனிட் கிடைக்கும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2014 அறிக்கைப்படி, சுரங்கம், கட்டுமானம் எல்லாம் சேர்த்தே யூனிட்டுக்கு வெளியாகும் கரியமில வாயு அணுமின்சாரத்தில் 12 கிராம், நிலக்கரியில் 820 கிராம். உலையை மூடிவிட்டு அந்த மின்சாரத்தை நிலக்கரியில் எடுத்தால் ஆண்டுக்கு 60 லட்சம் டன்னுக்கு மேல் கரியமில வாயு கூடும். ஜெர்மனி 2023 ஏப்ரலில் கடைசி மூன்று உலைகளை மூடியபோது அங்கே நிலக்கரி நிலையங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எதை முதலில் மூடுவது என்பதில் அவர்கள் தவறிவிட்டார்கள் என்பேன்.

அணுஉலைக்கு வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். புதிய உலை என்றால் காலம்தான் பெரிய தடை. ஃபின்லாந்தின் ஒல்கிலூட்டோ மூன்றாம் உலையின் வேலை 2005-ல் தொடங்கியது. வழக்கமான உற்பத்திக்கு வந்தது 2023-ல். வரைபடம் முழுமையாகுமுன் கான்கிரீட் போட்டால் போட்டதைத் திருத்த வேண்டிவரும். திருத்தும் காலமெல்லாம் கடனுக்கு வட்டி ஏறும். 1974-க்குப் பிறகு பிரான்ஸ் ஒரே வகை உலையைத் திரும்பத் திரும்பக் கட்டியதால்தான் சுமார் 15 ஆண்டுகளில் ஐம்பதுக்கு மேல் முடித்தது.

'வெயில் இறங்கி சூரிய மின்சாரம் குறைந்ததும் உலையின் உற்பத்தியை ஏற்றிக்கொள்ளலாமே' என்பார்கள். முடியும், ஆனால் நினைத்த நேரத்தில் அல்ல. திறனைக் குறைத்தால் உள்ளே அணுப்பிளவின் துணைப்பொருளான செனான்-135 என்ற வாயு சேர்ந்து, அணுப்பிளவைத் தொடர வைக்கும் நியூட்ரான்களைச் சில மணி நேரத்துக்கு விழுங்கும். எரிபொருள் தீரும் தறுவாயில் அதை மீறித் திறனை ஏற்ற எரிபொருளில் போதிய வலு மிஞ்சியிருக்காது. செலவில் பெரும்பகுதி கட்டுமானக் கடன் என்பதால், பாதித் திறனில் ஓட்டினாலும் செலவில் மிச்சமாவது சொற்பமே.

பாதுகாப்பில் கேட்க வேண்டியது ஒன்று. உலையை நிறுத்திய கணத்திலும் முழு வெப்பத்தில் 6 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும். 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலை அதைப்போல் சுமார் மூன்று மடங்கு வெப்பத்தை உண்டாக்குவதால், மிஞ்சுவது ஏறத்தாழ 200 மெகாவாட் வெப்பம். ஜப்பானின் ஃபுகுஷிமாவில் உலைகள் நின்றன; சுனாமியில் டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கியதால் குளிர்விக்க மின்சாரமில்லை. மின்சாரமே இல்லாமல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள்.

இன்னொன்று, நெடுநாள் ஆதங்கம்: செய்திகளில் மெகாவாட்டையும் (நிலையத்தின் திறன்) யூனிட்டையும் (உண்மையில் கிடைத்த மின்சாரம்) ஒன்றாக்கி எழுதுகிறார்கள். 1000 மெகாவாட் சூரியப் பூங்கா, அதே அளவு அணுஉலை தரும் யூனிட்டில் கால்பங்கைச் சுற்றித்தான் தரும். ஆண்டு யூனிட்டைப் போடாத ஒப்பீட்டை நம்பாதீர்கள்.