முதலில் தண்ணீரைப் பாருங்கள், பிறகு நாளைக் குறியுங்கள்

கேள்வி: ஆவடியில் வசிக்கிறோம். காலாண்டு விடுமுறையில் நான்கு நாள் கிடைக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் கூட்டத்துக்குப் பயந்து தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வர நினைக்கிறோம். 9, 13 வயதில் இரண்டு பிள்ளைகள், மூட்டுவலியுள்ள மாமியார். ஒகேனக்கல், வத்தல்மலை, கிருஷ்ணகிரி அணை, தளி, தீர்த்தமலை, இராயக்கோட்டை ஆகிய ஆறையும் பார்த்துவிட முடியுமா? எங்கே தங்குவது?

பதில்: தொட்டுவிட்டு ஓடலாம், பார்க்க முடியாது. ஆறு இடங்களில் இரண்டை இப்போதே அடித்துவிடுங்கள். தீர்த்தமலைக் கோயிலுக்கு ஏறவேண்டிய படிகள் உங்கள் மாமியாரின் மூட்டுக்கு ஆகாது. தளி குளிர்ச்சியான, அழகான ஊர்தான். ஆனால் ஓசூருக்கும் அப்பால் இருப்பதால் அதற்கே ஒரு முழு நாள் போய்விடும். இன்னொரு முறை ஓசூரிலேயே தங்கிப் போய்வாருங்கள்.

மீதி நான்கில் திட்டத்தைத் தீர்மானிப்பது ஒகேனக்கல். காவிரி எங்கள் ஊர் மழையைக் கேட்டு ஓடுவதில்லை. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்து, கிருஷ்ணராஜ சாகரிலும் கபினியிலும் உபரி நீரைத் திறந்துவிட்டால், தருமபுரியில் வெயில் கொளுத்தும்போதே ஒகேனக்கல்லில் வெள்ளம் புரளும். அந்த நாட்களில் பரிசலும் குளியலும் தடை. ஓர் ஆடி மாதம் உறவினர் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய், தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று செந்நிற வெள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பிள்ளைகளின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அன்றைய நாளிதழில் நீர்வரத்துச் செய்தி இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

நீங்கள் அந்தத் தவறைச் செய்யவேண்டாம். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் நீரை அளக்கிறது. வினாடிக்கு எத்தனை கன அடி என்பது அநேகமாக நாள்தோறும் செய்தியில் வரும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அந்த எண்ணைக் கவனித்துவாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் நிம்மதியாக வரலாம். திடீரென்று ஏறினால் ஒகேனக்கல்லைக் கடைசி நாளுக்குத் தள்ளுங்கள். செப்டம்பர் இறுதி பொதுவாக நல்ல நேரம். காவிரி அடங்கத் தொடங்கியிருக்கும், உள்ளூர் மழையில் எங்கள் மலைகளும் பச்சை பிடித்திருக்கும்.

முதல் இரண்டு இரவும் தருமபுரி நகரில் தங்குங்கள். ரயிலில் வருவதானால் சென்னை–சேலம் பாதையில் மொரப்பூரில் இறங்கி பஸ்ஸோ காரோ பிடிக்கலாம். கிருஷ்ணகிரி நகரில் ரயில் நிலையம் கிடையாது. இதை அறியாமல் தேடித் தவிப்பவர்கள் நிறையப் பேர். முதியவர் இருப்பதால் நான்கு நாளுக்கும் கார் வைத்துக்கொள்வதே நல்லது.

ஒகேனக்கல்லுக்குத் தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஏறத்தாழ 46 கிலோமீட்டர். வார நாளில் போங்கள். சனி, ஞாயிறென்றால் பெங்களூருக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். காலை எட்டு மணிக்குள் அங்கே இருந்தால் பரிசலுக்குக் காத்திருப்பது குறையும். பரிசல் வட்டமான மூங்கில் கூடை. அடியில் நீர் புகாத உறை போர்த்தியிருக்கும். ஏறும்போது விளிம்பில் கால் வைத்தால் ஒரு பக்கமாகச் சாயும். பரிசல்காரர் கை கொடுப்பார், நடுவில் கால் வைத்து உடனே உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்தபின் தண்ணீர் உங்கள் இடுப்பு உயரத்தில் ஓடும், பாறைச் சுவர்கள் தலைக்கு மேல் எழும். பிள்ளைகள் அந்தக் காட்சியை மறக்கமாட்டார்கள். உயிர்காப்பு உடையின் வாரை நீங்களே இழுத்துப் பாருங்கள். தளர்ந்திருந்தால் ‘இருக்கட்டும்’ என்று விடவே விடாதீர்கள். கட்டணத்தை அலுவலகத்தில் மட்டும் கட்டுங்கள், வழியில் கூப்பிடுபவரோடு பேரம் பேசவேண்டாம்.

மாமியாரைப் பரிசலில் ஏற்றவேண்டாம். கீழே உட்கார்ந்து எழுவதும், பாறையில் நடப்பதும் அவருக்குச் சிரமம். தொங்கு பாலத்திலிருந்தே அருவிகளைப் பார்க்கலாம். மீன் வாங்கிக் கொடுத்தால் குழம்பும் வறுவலும் செய்துதரும் பெண்கள் அங்கே உண்டு. வந்தவுடன் மீனைக் கொடுத்துவிட்டுப் போனால், குளித்துத் திரும்பும்போது சாப்பாடு சூடாக இருக்கும்.

அங்கிருந்து அஞ்செட்டி வழியாக ஓசூருக்குப் போகும் காட்டுப் பாதையைக் கைப்பேசி காட்டக்கூடும். அழகான பாதைதான், ஆனால் யானைகள் நடமாடும் காடு. பொழுது சாய்ந்தபின் அந்தப் பக்கம் போகவே கூடாது. வந்த வழியே பென்னாகரம் திரும்புங்கள்.

வத்தல்மலைக்குக் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகள் இருபதுக்கு மேல். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் முதல் அல்லது இரண்டாம் கியரில் வரச்சொல்லுங்கள். மேலே சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடி, மரத்தில் ஏறும் மிளகுக் கொடி, சரிவுகளில் சாமை வயல். சுற்றுலா ஊருக்குரிய கடைகள் அதிகம் இருக்காது, சாப்பாடும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போங்கள். திரும்பும் வழியில் நேரமிருந்தால் அதியமான்கோட்டைக் கோயில்களுக்கும் போகலாம். ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவனின் ஊர் இது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேறு நல்ல இடம் கிடைக்காது.

மூன்றாம் நாள் கிருஷ்ணகிரிக்கு மாறுங்கள். வழியிலேயே அணை. தென்பெண்ணையின் குறுக்கே கட்டி, காமராஜர் காலத்தில், 1957இல் திறக்கப்பட்டது. மாலை நேரப் பூங்கா மாமியாருக்கு இதம். தண்ணீரில் மட்டும் இறங்கவேண்டாம். பெங்களூர்ப் பக்கத்துக் கழிவும் கலந்து வரும் ஆறு இது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு இதைச் சொல்லவே வேதனையாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

இராயக்கோட்டையைக் கடைசி நாள் காலைக்கு வையுங்கள். 1791இல், மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் கைப்பற்றிய மலைக்கோட்டை. வெயில் ஏறுமுன் பிள்ளைகளோடு ஒருவர் ஏறட்டும், ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீரோடு. இன்னொருவர் மாமியாருடன் ஊரில் டிபன் சாப்பிட்டபடி காத்திருக்கலாம். பத்து மணிக்குள் கீழே வந்துவிட்டால், இருட்டுவதற்குள் ஆவடி சேர்ந்துவிடலாம்.