ஈடித் வெய்ன் யாருன்னு கேட்டவருக்கு

அமெரிக்கப் பாடகி ஃப்ரீடா பெய்னோட 'பேண்ட் ஆஃப் கோல்ட்' (1970) ரெக்கார்ட்ல, பாட்டு எழுதினவங்கன்னு ரான் டன்பர் கூட ஈடித் வெய்ன்னு ஒரு பேர் இருக்கு, அவங்க எழுதின பழைய பாட்டு எதுவுமே கிடைக்கல, லிஸ்ட்ல என்ன போடறதுன்னு கேட்டிருந்தீங்க. கிடைக்காதுங்க, அது ஹாலண்ட்-டோசியர்-ஹாலண்ட்னு சேர்ந்து பாட்டு எழுதின மூணு பேரும் போட்ட புனைபேர்.

டெட்ராய்ட்ல மோட்டவுன்ங்கிற ரெக்கார்ட் கம்பெனிக்கு, சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ்னு பாட்டுக் குழுக்களுக்கு ஹிட்டா எழுதி ப்ரொட்யூஸ் பண்ணிக் குவிச்சவங்க, பணத் தகராறுல வெளிய வந்து இன்விக்டஸ், ஹாட் வாக்ஸ்னு சொந்த லேபிள் ஆரம்பிச்சாங்க, ஆனா 1968லயே மோட்டவுன் கேஸ் போட்டுட்டதால சொந்தப் பேரை வெளிய காட்ட முடியல. உழைச்சவன் பேரையே ஒளிச்சு வைக்கணும், என்ன கொடுமை பாருங்க! சேர்மென் ஆஃப் தி போர்டுங்கிற குழுவோட 1970 ஹிட்லயும் இதே ஈடித் வெய்ன் பேர்தான்.

லிஸ்ட்ல ரெக்கார்ட்ல இருக்கிறபடியே போட்டுட்டு, பக்கத்துல குறிப்பா மூணு பேரையும் சேர்த்துடுங்க. டன்பரை மட்டும் தூக்கிடாதீங்க, அவர் நிஜமான ஆள்.