கிற்றாரில் ஹம்பக்கர் போட்டதும் சத்தம் மந்தமாகிவிட்டதா?

தம்பி, கிற்றாரின் பிக்கப்பை (தந்தி அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பகுதி) மாற்றி, ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் கொயிலைக் கழற்றிவிட்டு, இரட்டைச் சுருள் கொண்ட 16 கிலோ ஓம் ஹம்பக்கர் போட்டதிலிருந்து போர்வைக்குள் வாசிப்பதுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பிக்கப்பை விற்க அவசரப்படாதீர்கள்.

முதலில் வொலியூம் பொட்டை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் கீழுள்ள மாறும் மின்தடையைப் பாருங்கள். சிங்கிள் கொயில் கிற்றார்களில் பெரும்பாலும் 250 கிலோ ஓம்தான் இருக்கும். ஹம்பக்கருக்கு வழக்கமாகப் போடுவது 500. கம்பிச் சுற்று கூடக்கூட இன்டக்டன்ஸ் (மின்தூண்டல்) ஏறும், பிக்கப்பின் ஒத்ததிர்வு, அதாவது அது தூக்கிக் காட்டும் அதிர்வெண், கீழே இறங்கும். மேல் அதிர்வெண்கள் அங்கேயே குறைந்துவிடுகின்றன. மிச்சமிருக்கும் பளபளப்பையும் ஓம் குறைந்த பொட் தட்டையாக்கிவிடும். நீளமான கேபிளின் கப்பாசிற்றன்ஸும் (மின்தேக்கும் தன்மை) இதையே செய்யும், ஆகவே 3 மீற்றர் வயரில் ஒருதடவை வாசித்துப் பாருங்கள். காசு செலவில்லை.

அந்த 16 கிலோ ஓம் என்ற மின்தடை எண்ணை நம்பி வாங்கினீர்களா? மெல்லிய கம்பி சுற்றினாலும் அது ஏறும். சத்தத்தின் அளவுகோல் அல்ல.

கொழும்புப் புறக்கோட்டையில் பொட் தேடும்போது 'ஏ500கே' (500 கிலோ ஓம், காதுக்குச் சீராகக் குறையும் 'ஏ' வகை) என்று கேளுங்கள். நான் பார்க்காமல் 'பி' வகையை வாங்கிவந்து, வொலியூம் சீராகக் குறையாமல் கடைசியில் திடீரென்று விழ, மறுபடி பஸ் ஏறினேன்.

அப்புறம், தடித்த தந்திப் பக்கம் பிக்கப்பைக் கொஞ்சம் இறக்குங்கள். ஸ்க்ரூவை அரைச் சுற்றாகத் திருப்பிக் கேட்டால் போதும்.