பஞ்சு இறந்ததற்கு யாரிடம் நியாயம் கேட்பது?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருக்கிறோம். 11 வயது மகளுக்காக வாங்கிய கினி பிக், பெயர் பஞ்சு, நான்கு ஆண்டு எங்களோடு வளர்ந்தது. ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே கீரைக்காகக் கத்தும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு தீனியைத் தொடவில்லை. மறுநாள் காலையே கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் அதன் வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஊசி போட்டு, வாய்வழி கொடுக்க ஆண்டிபயாட்டிக் தந்து, மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். ஞாயிறன்று வயிற்றுப்போக்கு. மூன்று முறை ஃபோன் செய்தும் டாக்டர் வேலையாக இருக்கிறார் என்றே பதில். திங்கள் விடியலில் இறந்துவிட்டது. அன்றே தகனம் செய்தோம். பில் 386 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கட்டிவிட்டேன். மருந்து லேபிளில் அமாக்ஸிசிலின் என்று இருக்கிறது. அது கினி பிக்குக்கு ஆகாது என்று பிறகுதான் படித்தேன். வழக்குப் போடலாமா? மகளின் மனவேதனைக்கு இழப்பீடு உண்டா? மருத்துவரின் படத்தோடு ஃபேஸ்புக்கில் எழுதலாமா? சிரிஞ்சில் அளந்து மருந்து கொடுத்தவள் மகள்தான். "என்னாலதான் செத்துச்சாம்மா?" என்று கேட்கிறாள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அதற்குக் கட்டாயம் வருகிறேன். முதலில் அவசரமான ஒன்று: அந்த மருந்துக் குப்பியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். லேபிளில் உள்ள மருந்தின் பெயர், அளவு, தேதி, கிளினிக்கின் பெயர் எல்லாம் தெளிவாகத் தெரியும்படி படமெடுங்கள். சிரிஞ்சோடு சேர்த்து ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். பில், மூன்று அழைப்புகளும் தெரியும் ஃபோன் பதிவு, ஞாயிறன்று எடுத்த படம் ஏதாவது இருந்தால் அது, தகனம் செய்த ரசீது, எல்லாமே சான்றுதான்.

நீங்கள் படித்தது சரியே. அமாக்ஸிசிலின் போன்ற, வாய்வழி கொடுக்கும் பென்சிலின் வகை மருந்துகள் கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்துவிடும். அந்த இடத்தில் நச்சுக் கிருமிகள் பெருகி, வயிற்றுப்போக்கில் தொடங்கி உயிரையே கொண்டுபோய்விடலாம். விலங்கு மருத்துவத்தில் இது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். கினி பிக்குக்கு வாழ்நாள் முழுவதும் பல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், தின்ன மறுத்தால் வாயைப் பார்ப்பதும் அடிப்படைப் பரிசோதனை. "நான் அதிகமும் நாய், பூனைதான் பார்ப்பேன்" என்று மருத்துவர் சொல்வாரானால் அது அவருக்குக் கைகொடுக்காது. ஒரு பிராணியைச் சிகிச்சைக்கு ஏற்றுக்கொண்ட பிறகு, அதற்குரிய திறமையோடும் கவனத்தோடும் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் முடிந்தவரிடம் அனுப்ப வேண்டும்.

ஆனால் உங்கள் பக்கத்தில் ஒரு பலவீனம் இருக்கிறது. அதை நான் மறைத்தால் எதிர்த்தரப்பு சொல்லிவிடும். பஞ்சு கிளினிக்குக்குப் போகும் முன்பே தின்பதை நிறுத்தியிருந்தது. கினி பிக் ஒரு நாள் பட்டினி கிடந்தாலே குடல் இயக்கம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. "மருந்தால் இறக்கவில்லை, வந்த நோயால் இறந்தது" என்று அவர்கள் வாதிடுவார்கள். பிரேதப் பரிசோதனை இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அதைச் செய்யாமல் தகனம் செய்ததற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அந்த விடியலில் அழும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வழக்கைப் பற்றி யார் யோசிப்பார்கள்? இனி அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடியது, கினி பிக், முயல் போன்றவற்றுக்குச் சிகிச்சை தரும் வேறொரு விலங்கு மருத்துவரின் எழுத்துபூர்வக் கருத்து. அவர் கருத்துச் சொல்ல முதல் கிளினிக்கின் சிகிச்சைக் குறிப்பு தேவைப்படும். அதன் நகலை மின்னஞ்சலில் கேளுங்கள். ஏன் அந்த மருந்து, என்ன பரிசோதனை செய்தார்கள், ஃபோன் செய்தபோது மருத்துவரிடம் சொன்னார்களா என்ற மூன்று கேள்வியும் அதே மின்னஞ்சலில் போகட்டும். கோபமான சொல் ஒன்றுகூட வேண்டாம். மௌனமாக இருந்தாலும் மழுப்பினாலும் அதுவும் பின்னால் உங்களுக்கு உதவும்.

வழக்கு என்றால், உங்களுக்குரிய இடம் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கோரலாம். இருதரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 5,000 வெள்ளிக்குள் கோரும் பயனீட்டாளருக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளி, மனுவை இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். அங்கே வழக்கறிஞர் வாதாட அனுமதி இல்லை, கிளினிக்கின் சார்பிலும் இல்லை. முதலில் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள், முடியாவிட்டால்தான் விசாரணை. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். கிளினிக்கில் நுழைந்ததும் ஏதாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களா? "எல்லா ஆபத்துக்கும் நானே பொறுப்பு" என்ற வரி அதில் இருந்தாலும் கலங்க வேண்டாம். கவனக்குறைவுக்கான பொறுப்பைக் கைகழுவும் அத்தகைய நிபந்தனை நியாயமானதாக இருந்தால் மட்டுமே செல்லும் என்கிறது நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம்.

எவ்வளவு கிடைக்கும்? கட்டிய 386 வெள்ளி, தகனச் செலவு, இன்னொரு கினி பிக் வாங்கும் விலை. அவ்வளவுதான். சட்டத்தின் கண்ணில் வளர்ப்புப் பிராணி ஒரு சொத்து. இந்தச் சொல்லை உங்களிடம் சொல்ல எனக்கே கூசுகிறது, ஆனால் கணக்கு அப்படித்தான் போடப்படும். பிராணியை இழந்த துக்கத்துக்கு, அது எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும், நம் நீதிமன்றங்கள் பணம் வழங்குவதில்லை. மகளின் வேதனைக்கு ஒரு தொகையை மனுவில் எழுதினால் அந்தப் பகுதி நிற்காது. அதனால் மனுவில் இந்த மூன்று செலவை மட்டும் கேளுங்கள். சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கம் வழியாகச் சமரசமும் தேடலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, உங்களுக்கு வேண்டியது 386 வெள்ளி இல்லை என்று தோன்றியது. அடுத்த வீட்டுக் குழந்தையின் பஞ்சுவுக்கு இப்படி நடக்கக் கூடாது என்பதுதானே? அப்படியானால் நடுவர் மன்றத்தைவிட முக்கியமான கதவு, தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் 2019 ஏப்ரல் முதல் இயங்கும் விலங்கு மற்றும் கால்நடை மருத்துவச் சேவை. இங்குள்ள விலங்கு மருத்துவர்கள் உரிமம் பெற்று, தொழில் நெறிமுறைகளுக்குக் கட்டுப்பட்டே மருத்துவம் பார்க்கிறார்கள். அவர்கள்மீது வரும் புகாரை விசாரிப்பது அந்தச் சேவை. பணம் வாங்கித் தராது. மருத்துவரைக் கேள்வி கேட்கும். என் யோசனை, முதலில் கிளினிக்கின் பதிலை வாங்குங்கள், பிறகு லேபிள் படத்தோடு அங்கே புகார் கொடுங்கள். நடுவர் மன்றத்தை அதன்பின் முடிவு செய்யலாம், 2 ஆண்டு இருக்கிறது.

ஃபேஸ்புக்கில் இப்போதைக்கு எதுவும் வேண்டாம். "கொன்றுவிட்டார்" என்று எழுதி, நிரூபிக்க முடியாமல் போனால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். ஒருவருக்கு மனவுளைச்சல் தரும் நோக்கத்தோடு அவருடைய படத்தையும் அடையாள விவரத்தையும் வெளியிடுவது துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டப்படி குற்றமாகலாம். எழுதியே ஆகவேண்டுமானால் தேதியும் நடந்ததும் மட்டும், மிகையில்லாமல், படமில்லாமல் எழுதுங்கள்.

இனி உங்கள் மகள். அவள் அளந்து கொடுத்தது லேபிளில் அச்சடித்திருந்த அளவை. உரிமம் பெற்ற மருத்துவர் தந்த மருந்தை, அவர் சொன்ன நேரத்தில், சொன்ன அளவில் கொடுத்தவர்மேல் எந்தச் சட்டமும் பழி சுமத்தாது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாத ஒன்றை 11 வயதுப் பிள்ளை எப்படித் தெரிந்திருப்பாள்? சுருண்டு கிடந்த பிராணியை மடியில் வைத்துக் காப்பாற்றப் பார்த்தவள் அவள். அம்மா சமாதானம் சொல்கிறாள் என்று நினைக்கக்கூடும். அதனால் நாளெல்லாம் யார்மேல் தப்பு என்று பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் உன்மேல் எள்ளளவும் தப்பில்லை என்று எழுதியிருக்கிறார் என்று சொல்லி, இந்தப் பத்தியை அவளிடமே வாசிக்கக் கொடுங்கள். குப்பியை ஃபிரிட்ஜின் பின்வரிசைக்கு, அவள் கண்ணில் படாத இடத்துக்கு, இன்றே மாற்றிவிடுங்கள்.